பட்டாளத்து ஸ்டீயரிங்கும் லாரி ஸ்டீயரிங்கும்

(நீலகிரி ஜில்லா சோலூரில், படையிலிருந்து திரும்பியவர்களும் லாரித் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு லாரித் தொழிலாளி பேசியது.)



பட்டாளத்தைப் பற்றி இந்த மலைக்காரர்களுக்கு யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் 1947 முதல் வெல்லிங்டனில் இருக்கிறது. குன்னூர்ப் பக்கம் போகிறவன் பச்சை லாரியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மலையிலிருந்தும் கீழே சமவெளியிலிருந்தும் வாலிபர்கள் படைக்குப் போகிறார்கள். ஆகவே, போகிறவனைப் பற்றி நான் பேச வரவில்லை. திரும்பி வருகிறவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும், அங்கே ஸ்டீயரிங் பிடித்த கையோடு இங்கே வந்து லாரி ஓட்டிப் பிழைத்துக் கொள்ளலாம் என்று நினைக்கிறானே, அவனைப் பற்றி.

“அவனுக்கென்ன குறை? லடாக்கில் ஓட்டினவன் கல்லட்டியில் ஓட்டமாட்டானா?” என்று ஊரில் சொல்கிறார்கள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வளைவு திருப்புவது லாரித் தொழிலில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியை எந்த உஸ்தாதும் பட்டாளத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்க அவருக்கு அவசியமும் இல்லை.

நான் ஏ.எஸ்.சி.யில் ஓட்டியவன். சக்திமானும் ஓட்டினேன், பிறகு வந்த ஸ்டாலியனும் ஓட்டினேன். வாலிபர்கள் பலர் சக்திமானைப் பார்த்திருக்க மாட்டார்கள். மான் என்ற ஜெர்மன் கம்பெனியின் வடிவத்தை வைத்து, ஜபல்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் 1959 முதல் 1996 வரை செய்த வண்டி அது. முரட்டு வண்டி, ஆனால் நம்பிக்கையானது. அதை விட்டு இறங்கி, பாடி கட்டிய லாரியில் ஏறிய அன்றே இரண்டு உலகத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தூரத்தைத்தான் இன்றைக்குச் சற்று அளந்து பார்க்கப் போகிறோம்.

லாரி ஒருவனுக்கு, ஸ்டீயரிங் ஒருவனுக்கு

இது நேற்று வந்த பிரச்சினை அல்ல. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் யுத்தத்துக்கு முன் மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள். பர்மா முனைக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சாமான் போக வேண்டும். அதற்கு டிரைவர் வேண்டும். ஏர் பிடித்த கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துப் பழக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் ஆளும் மிச்சம், வண்டியும் மிச்சம்.

மிச்சமான வண்டிகளை ‘டிஸ்போசல்’ என்று சொல்லி விற்றார்கள். அவற்றை வாங்கி, பாடி கட்டி, சரக்கு ஏற்றி லாரித் தொழிலில் கால் ஊன்றியவர்கள் உண்டு. மிச்சமான ஆட்களுக்கு என்ன செய்தார்கள்? 1945 ஜூலையில் மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்புக்கும் என்று ஒரு டைரக்டரேட்டை ஏற்படுத்தினார்கள். படையிலிருந்து கழித்து விடப்பட்டவர்களுக்கும், யுத்த வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கும் வேறு வேலை தேடித் தருவது அதன் காரியம். நம் பிள்ளைகள் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களே எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச், அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏலத்தில் லாரி எடுக்கக் கையில் காசு இருந்தவன் லாரிக்கு முதலாளி ஆனான். அதே லாரியைப் பர்மாச் சேற்றில் ஓட்டி வந்தவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தான். காலம் மாறியிருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பதைப் பேச்சின் கடைசியில் பார்ப்போம்.

முதலில் லைசென்ஸ்

பதினைந்து வருஷம் பனியிலும் பாறையிலும் வண்டி ஓட்டியவனிடம் ஒரு ராணுவ லைசென்ஸ் இருக்கிறது. ஊருக்கு வந்து அதை நீட்டினால் லாரி செட்டில் சாவியைக் கொடுத்துவிடுவார்களா? கொடுத்தால் அது சட்ட விரோதம்.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 18ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தேசப் பாதுகாப்புக்காக ஓடும் மத்திய சர்க்கார் வண்டிகளை ஓட்டக் கொடுக்கும் லைசென்ஸ் அந்த வண்டிகளுக்கு மட்டுமே செல்லும், வேறு எந்த வண்டிக்கும் செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கேம்பு வாசலைத் தாண்டி, சொந்தக்காரனுடைய வேனை எடுத்தாலும் அவன் லைசென்ஸ் இல்லாதவன்தான்.

இதைக் கேட்டதும் சிலர் மனம் உடைந்து, “அப்படியானால் முதலிலிருந்து பழக வேண்டுமா?” என்கிறார்கள். வேண்டாம். அதே சட்டத்தின் 9ஆவது பிரிவைப் படியுங்கள். 18ஆவது பிரிவின்படி எந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறானோ, அல்லது முன்னால் வைத்திருந்தானோ, அந்த வகை வண்டிக்கு மறுபடி ஓட்டிக் காட்டும் சோதனை வேண்டியதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. இதைத் தெரியாமல், “நான் பார்த்துக்கறேன் சார், நீங்க பணத்தை மட்டும் கொடுங்க” என்கிற புரோக்கரிடம் ஆயிரக்கணக்கில் அழுதுவிட்டு வருகிறார்கள். சட்டம் கொடுத்ததைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ராணுவ லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு நேரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். படையில் இருக்கும்போதே, லீவில் வந்த சமயத்தில், வெளி லைசென்ஸையும் எடுத்து வைத்துக்கொள்கிறவன் இன்னும் புத்திசாலி.

சரக்கு லாரிக்கு இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே படிக்காத தோழர்கள் தயங்க வேண்டாம். சரக்கு வண்டி லைசென்ஸை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது பழைய வழக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது ஐந்து வருஷம். பெட்ரோல், காஸ், ரசாயனம் போன்ற ஆபத்துச் சரக்கு என்றால் மூன்று வருஷம். அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

இன்னொரு விஷயம் இந்த மலைக்கு மிகவும் பொருந்தும். இங்கே பெரிய லாரியைவிடப் பிக்-அப் வண்டி அதிகம். பச்சைத் தேயிலையும் கேரட்டும் அதில்தான் போகிறது. சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவன் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. விபத்து நடந்தால் ‘சரியான லைசென்ஸ் இல்லை’ என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்து வந்தன. 2024 நவம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்சு, ஓட்டலாம், தனி முத்திரை வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆபத்துச் சரக்கு வண்டிகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

அமெரிக்காவில் 2011ஆம் வருஷம் ஒரு விதி கொண்டு வந்தார்கள். ராணுவத்தில் இரண்டு வருஷம் கனரக வண்டி ஓட்டியவனுக்கு ஓட்டிக் காட்டும் சோதனையை மாநிலங்கள் விலக்கலாம் என்பது அந்த விதி. நல்ல காரியம்தான். ஆனால் 1980இல் அதே நாட்டில் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், சங்கத்தின் பிடி தளர்ந்து டிரைவர் கூலி சரிந்தது. கதவைத் திறந்து வைத்தார்கள். உள்ளே போனவனுக்கு முன்னிருந்த கூலி இல்லை. லைசென்ஸ் கிடைப்பது ஒன்று, பிழைப்புக் கிடைப்பது வேறொன்று.

பிரேக்குக்கு யார் என்று தெரியாது

இனி ரோட்டுக்கு வருவோம்.

பட்டாள லாரியில் நான்கு சக்கரமும் இழுக்கும். ஏற்றுகிற பாரம் இவ்வளவுதான் என்று எழுதி வைத்திருக்கும். அதற்கு மேல் ஏற்ற எவனுக்கும் லாபமில்லை. அங்கே யாரும் டன் கணக்கில் வாடகை வாங்குவதில்லையே! காலையில் வண்டியைச் சோதித்து, எண்ணெய், தண்ணீர், டயர் காற்று எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகரும். மலையில் கான்வாய் போனால் வண்டிக்கு வண்டி இவ்வளவு இடைவெளி, இவ்வளவு வேகம், இத்தனை மணிக்கு ஒரு நிறுத்தம் என்று கட்டுப்பாடு. ரிப்பேர் வந்தால் பார்க்கத் தனிப்படையே இருக்கிறது. (எல்லாம் தேசப் பாதுகாப்புக்கே ஓடியது என்று நான் சத்தியம் செய்யவில்லை. சாப் வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போன வண்டியும் உண்டு.)

வியாபார லாரியில் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும். பாரம் முதலாளியின் ஆசையைப் பொறுத்தது. கான்வாய் கமாண்டர் இல்லை. போனில் மண்டிக்காரர் இருக்கிறார். “எங்கேப்பா வந்துட்டு இருக்கே? விடியறதுக்குள்ளே வந்து சேரணும்” என்கிறார். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் யாருக்காகவும் காத்திருக்காது என்பது கேரட் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். ஆக, 14 கொண்டை ஊசி வளைவில் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறோம். இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம் என்பது 2018இல் உயர்த்திய அளவு; அதற்கு முன் 16.2 டன். அந்த 18.5 டன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய ஏழரை லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முழுவதையும் ஆவியாக்க அது போதும்! அந்தச் சூட்டில் பெரும்பகுதியை ஒன்று இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். ஐந்து டன் கூடுதலாக ஏற்றினால் சூடும் கால்வாசிக்கு மேல் கூடுகிறது. பிரேக் டிரம் அதே டிரம்தான்.

இதனால்தான், எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று உஸ்தாத் சொல்வார். கியர் சிறியதாக இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எக்ஸாஸ்ட் பிரேக் அதற்குத் துணை செய்யும். கால் பிரேக் கடைசி நேரத்துக்கு மிச்சமிருக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறானே, அவன் அத்தனை சூட்டையும் நாலு டிரம்மின் தலையில் கட்டுகிறான். டிரம் காய்ந்து சிவந்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இந்தப் பாடத்தில் பட்டாளத்துக்காரன் கெட்டி. அதை இங்கே வந்து மறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் மறக்கச் சொல்லி நெருக்குவார்கள். ஒரு நாள் நான் கேட்ட பேச்சு இது.

“ஏம்ப்பா, மூணு டன்னுதானே சேர்த்திப் போட்டிருக்கு? பட்டாளத்துல இருந்தவன் இப்படிப் பயப்படுறியே!”

“எனக்குப் பயமில்லைங்க முதலாளி. நான் பட்டாளத்துல இருந்தவன்னு பிரேக்குக்குத் தெரியாதுங்களே!”

நல்ல பதில். ஆனால் பதிலோடு நிற்காமல் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019க்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் இருபதாயிரம் ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். ஓட்டுகிறவன் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவனும் ஓட்ட விடுகிறவனும் இதில் குற்றவாளி. செக்போஸ்டில் டிரைவரை மட்டும் மாட்டிவிட்டு முதலாளி ஒதுங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

இன்னொன்று. அகலம் போதாத மலை ரோட்டில், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். டூரிஸ்ட் கார்கள் இதைக் கேள்விப்பட்டது போலத் தெரியவில்லை. நாமாவது கடைப்பிடிப்போம்.

மூட்டை மேல் உட்கார்ந்து போகிறவர்கள்

தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிற தாய்மார்களும், சுமை தூக்கும் தோழர்களும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

பட்டாளத்தில் லாரியின் பின்னால் ஆள் ஏற்றுவது சர்வ சாதாரணம். அந்த வண்டி அதற்கென்று அமைந்தது. அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. ஏதாவது நேர்ந்தால் சர்க்கார் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில், ஊருக்கு வந்த டிரைவரும் வழியில் கை காட்டுகிறவர்களை மூட்டை மேல் ஏற்றிக்கொள்கிறான். நல்ல மனசுதான். பஸ் வராத நேரம், மழை, கையில் குழந்தை. மனசு கேட்கவில்லை.

ஆனால் சட்டத்தின் மனசு வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் சென்ற பிரயாணி விபத்தில் செத்தால், நஷ்ட ஈடு கொடுக்கும் கடமை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002ஆம் வருஷக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதை 1994இல் சட்டத்தில் சேர்த்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும்போது பிக்-அப்பில் தொற்றிக்கொண்ட பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வண்டி கவிழ்ந்தால் முதலாளி மேல் வழக்குப் போட வேண்டும். முதலாளியிடம் அந்த ஒரு வண்டிதான் சொத்து என்றால், தீர்ப்பைக் காகிதத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஏற்றாதே என்று டிரைவருக்கு மட்டும் உபதேசம் செய்தால் போதுமா? அந்தப் பெண் ஏன் மூட்டை மேல் ஏறுகிறாள் என்று கேட்க வேண்டாமா? வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், ஆள் ஏற்றுவதற்கு உரிய வண்டியை அமர்த்த வேண்டும். பஸ் நேரம் வேலை விடும் நேரத்தோடு பொருந்த வேண்டும். இது டிரைவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை. “ஏத்த மாட்டேங்கிறான், பட்டாளத்துத் திமிர்” என்று அவனை ஏசுகிற தாய்மார்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சம்பளம், பேட்டா, பென்ஷன்

பட்டாளத்தில் முதல் தேதி சம்பளம். லாரியில் டிரிப்புக்குப் பேட்டா. வண்டி ஓடினால்தான் காசு. லோடு கிடைக்காமல் மூன்று நாள் ஷெட்டில் கிடந்தால் அந்த மூன்று நாளும் டிரைவர் தன் காசில் சாப்பிட வேண்டும். ஆகவே கிடைத்த நேரத்தில் தூங்காமல் ஓட்டுகிறான். கண் அசந்து விபத்து நடந்தால், ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று எழுதிவிடுவார்கள். அவனை எத்தனை மணி நேரம் தூங்க விடவில்லை என்று யாரும் எழுதுவதில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் ஒன்று வந்தது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலி என்பதெல்லாம் அதில் இருந்தன. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்துக்கு அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தை, பாதுகாப்பு – சுகாதாரம் – பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் என்பதற்குள் கரைத்துவிட்டார்கள். எட்டு மணியும் இரட்டைக் கூலியும் அதிலும் இருக்கின்றன. ஆனால் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது பொருந்தும். நம் பக்கத்து லாரி செட்டுகளில் எத்தனை செட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலோர்.

இதில் பட்டாளத்துத் தோழனுக்கு மட்டும் உரிய ஒரு பொறி இருக்கிறது. பதினைந்து வருஷம் முடித்துப் பென்ஷனோடு நாற்பது வயதுக்குள் வருகிறான். லாரிக்காரர் அவனைப் பார்த்து, “உனக்குத்தான் பென்ஷன் வருதே, நீ எதுக்கு அவங்க அளவு கேட்கறே?” என்கிறார். ‘வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல்’ என்று இவனும் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறான். அடுத்த நாள் அதே கூலியைக் காட்டி, பென்ஷன் இல்லாத டிரைவரின் கூலியையும் வெட்டுகிறார்கள். பென்ஷன் என்பது பனியில் கிடந்த பதினைந்து வருஷத்தின் கூலி. அது லாரி முதலாளிக்குச் சர்க்கார் கொடுக்கிற மானியம் அல்ல! இதைப் பட்டாளத்துத் தோழர்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற டிரைவர்களும் அவர்களைப் போட்டிக்கு வந்தவர்களாகப் பார்த்து ஒதுக்காமல் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

விபத்து நடந்தால் அங்கே விசாரணைக் குழு உட்காரும். வண்டியின் நிலை, ரோட்டின் நிலை, யார் உத்தரவில் போனான் எல்லாம் கேட்பார்கள். இங்கே முதலில் கூட்டம் வரும், அடி விழும். அப்புறம் போலீஸ். 2023இல் கொண்டு வந்த நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில், விபத்தில் சாவு ஏற்படுத்திவிட்டுத் தெரிவிக்காமல் போகும் டிரைவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடுவது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் நின்றால் கூட்டம் கொல்லும், ஓடினால் சட்டம் கொல்லும் என்ற நிலையில் டிரைவர் என்ன செய்வான்? 2024 ஜனவரி முதல் வாரத்தில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. இரண்டே நாளில் சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஹர்த்தால் என்றால் என்னவென்று பட்டாளத்தில் தெரியாது; தெரியவும் விடமாட்டார்கள். வெளியே வந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதிகளில் அது ஒன்று.

இன்னொரு செய்தி: 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நல்லது. பழைய லாரிகளில் இன்ஜின் சூடு தொடையைச் சுடத்தான் செய்யும்.

நாலு வருஷத்துப் பட்டாளம்

இப்போது வாலிபர்களுக்கு. 2022 ஜூன் 14ஆம் தேதி அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். நாலு வருஷம் சேவை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, ‘முன்னாள் படைவீரர்’ என்ற அந்தஸ்தும் இல்லை. சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் ரூபாய் கையில் வரும். அதிலும் பாதி அவன் சம்பளத்திலிருந்து பிடித்ததுதான். முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தது. அவர்களுடைய நாலு வருஷம் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது.

இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பையன். வண்டி ஓட்டத் தெரியும். கையில் பதினோரு லட்சம். அவன் வீட்டுத் திண்ணையில் முதலில் வந்து உட்காரப் போகிறவர் யார் தெரியுமா? லாரிக் கடன் ஏஜெண்ட்! “தம்பி, முன்பணம் கட்டு, மீதிக்கு லோன், நீயே முதலாளி” என்பார்.

கணக்குப் போடுங்கள். பதினைந்து லட்சம் கடன், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, நாலு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 39,500 ரூபாய் கட்ட வேண்டும். லோடு வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். அதற்கு மேல் டீசல், டயர், இன்ஷூரன்ஸ், வரி, எஃப்.சி., பர்மிட், டோல், வழிச் செலவு. மலையில் பிரேக் லைனரும் கிளட்சும் சமவெளியைவிடச் சீக்கிரம் தேயும். அறுவடை நாளில் வாடகை உண்டு; மழையில் ரோடு சரிந்து அடைத்துவிட்டால் இல்லை. இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். அப்போது, வண்டியைக் காப்பாற்ற அவனே தன்மேல் அதிக பாரம் ஏற்றிக்கொள்கிறான். தானே தன்னைத் தூங்க விடாமல் விரட்டுகிறான். முதலாளி என்று பெயர். வேலை என்னவோ பழைய டிரைவர் வேலைதான்.

1945இல் லாரி ஒருவனுக்கும் ஸ்டீயரிங் ஒருவனுக்கும் போனது என்று சொன்னேனே. இப்போது இரண்டையும் ஒருவன் கையிலேயே கொடுத்துவிட்டு, லாபத்தை மட்டும் வட்டியாக வேறொருவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருஷமாவது சம்பளத்துக்கு ஓட்டி, எந்த மாதம் எந்தச் சரக்கு, எந்த மண்டி நாணயம், எந்த ரோட்டில் எவ்வளவு டீசல் என்று தெரிந்த பிறகு வாங்கு என்கிறேன். அதுவரை பணம் தபாலாபீசில் இருக்கட்டும். ஏஜெண்டுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பென்ஷன் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற சர்க்கார் கழகமும் இருக்கிறது. அங்கே காவலாளி வேலைதான் அதிகம். டிரைவர் வேலையும் வரும், பதிந்து வையுங்கள். லாரி, பிக்-அப், ஆட்டோ ஓட்டுகிற எல்லோரும், பட்டாளத்தில் இருந்திராதவர்களும்தான், அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிய வேண்டும்.  லைசென்ஸ் நகல், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ கொண்டு வந்தால் கூட்டம் முடிந்ததும் இங்கேயே எழுதிக் கொடுக்கத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகம் கையில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள். உங்கள் ராணுவ லைசென்ஸில் எந்த வகை வண்டி எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன கேட்க வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிறேன். கீழே ரோட்டோரம் ஒரு லாரியைக் கட்டை போட்டு நிறுத்தியிருக்கிறோம். பிரேக் சரிபார்ப்பதைப் பார்க்க விரும்புகிற வாலிபர்கள் இருட்டுவதற்குள் அங்கே வந்துவிடுங்கள்.